பொம்மை தூங்கி எழுந்த கதை

லூகாங் ஊர்ல, கடலக் காக்குற எங்க மாட்சு அம்மன் கோயில் வாசல்ல நான் சிப்பி சேமியா விக்கிறேன். யார் வீட்ல என்ன சண்டைன்னு எனக்குத் தெரிஞ்சப்புறம்தான் அம்மனுக்கே தெரியும். அதனால ஆ-யுன் கதைய நான் சொன்னாதான் சரியா இருக்கும்.

ஆ-யுன் சந்தைக்குப் பின்னாடி ரிப்பேர் கடை வச்சிருக்கா. கரோக்கே பெட்டி, கொசு மட்டை, எது செத்தாலும் எழுப்பிருவா. வாய் மட்டும் பெருசு. என் கை பட்டது எதுவும் திரும்பி வந்ததில்லம்பா. புருஷனும் அப்படித்தானே வரலன்னு நான் சொன்னா கரண்டியப் புடுங்க வருவா.

கோயில்ல ஒரு கண்ணாடிப் பெட்டி. காசு போட்டா உள்ள ஒரு பொம்மைப் பொண்ணு போயி குறிச்சீட்டு எடுத்தாந்து போடும். அதோட மூளை போச்சு. கோயில் தலைவர் தியாங், பெட்டி விக்கிற தன் மச்சான்கிட்ட புதுசு வாங்கப் பாத்தாரு. ஆ-யுன் விடல. உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் பலகை ஒண்ணப் போட்டே ஓட்டுறேன், ஊர்வலம் போன அம்மன் திரும்புறப்போ பொம்மை ஓடலைன்னா கடைய மூடிடறேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா.

பலகையப் போட்ட அன்னிக்குப் பொம்மை ஜோரா ஓடுச்சு. மறுநாள் காலைல அசையல. ஆ-யுன் வந்து லேப்டாப்ப மாட்டி, தன்னோட சோதனை புரோகிராமத் தட்டினா, ஓடுச்சு. ஒயர்தான் லூசுன்னு ஒயரத் திட்டிட்டுப் போயிட்டா. அடுத்த நாளும் அதே கூத்து. தலைவர், பெட்டி மேல இருந்த பச்சை நொறுக்குத்தீனிப் பாக்கெட்டப் புரட்டிப் பாத்தாரு. எங்க ஊர்ல எந்த மெஷினும் அடங்கி நடக்க அது மேல இருக்கணும், தேதி தாண்டக்கூடாது. இது தாண்டியிருந்துச்சு. புதுசு வச்சாரு. காலைல மறுபடி பொணம்.

"நீ பக்கத்துல இருந்தாதான் ஓடுமா? அப்ப உன்னையும் பெட்டிக்குள்ள உக்கார வைக்கட்டுமா?"ன்னு ஆ-யுன்கிட்ட கேட்டுட்டு மச்சானுக்குப் போன் போட்டாரு.

அம்மன் திரும்புற நாளு. தெருமுனைல வெடிச் சத்தம். ஆ-யுன் என் கடைல கிண்ணத்தத் தொடாம உக்காந்திருக்கா. கோயில் காவக்கார ஷுய் சேமியா உறிஞ்சிக்கிட்டே தன் பாட்டுக்குச் சொன்னாரு:

"சாயங்காலம் கதவு சாத்துறப்போ மெயின் சுவிட்ச நான் அணைச்சிருவேன் தங்கச்சி. அதுவும் பொண்ணுதானே, ராத்திரி தூங்க வேணாமா?"

ஆ-யுன் நெத்தில அடிச்சிக்கிட்டா. எங்கிட்ட அப்புறம் சொன்னா: அந்தப் பலகைக்குத் தன்கூட என்ன சேந்திருக்குன்னு தானாத் தெரியாது. கூட வந்த விவரக் கோப்பப் படிச்சுதான் கண்ணு முழிக்கும். அதுல பொம்மை மோட்டார் ஏது? அதுக்கு மேல ஒட்டுற மாதிரி ஒரு குட்டிக் கோப்பு, ஓவர்லேன்னு பேரு, அதுல மோட்டார் இன்ன கம்பில இருக்குன்னு எழுதியிருந்தா. ஆனா அத ஏத்தினது அவ சோதனை புரோகிராம்தான். கரண்ட் போனா அதுவும் போச்சு. முழிக்கிறப்பவே இதையும் சேத்துப் படின்னு துவக்கக் கோப்புல எழுத மறந்துட்டா.

ஓடிப்போயி அந்த ஒரு வரிய எழுதினா. அம்மன் பல்லக்கு வாசலுக்கு வந்திருச்சு. லேப்டாப்பக் கழட்டி எங்கிட்ட குடுத்துட்டு, "ஷுய் அண்ணே, மெயின அணைங்க"ன்னா.

ஷுய் அணைச்சுட்டு மறுபடி போட்டாரு. பெட்டில இருந்த குட்டித் திரை கருப்பா நின்னுச்சு. எழுத்து வரிவரியா ஓடுச்சு, பொம்மை மெல்ல தலையத் தூக்குச்சு. அவளத் தொடவிடாம தலைவரே காசு போட்டாரு. பொம்மை குலுங்கிக்கிட்டே போயி சீட்டு கொண்டாந்துச்சு: சொந்தக்காரன் சொல்ற விலைய நம்பாதே.

சிரிச்சு எனக்குக் கண்ணுல தண்ணி. தலைவர் சீட்ட மடிச்சிக்கிட்டே, "புதுப் பாக்கெட் வேலை செய்யுது பாத்தியா"ன்னாரு.

"செய்யுது தலைவரே, அப்பப்ப மாத்துங்க"ன்னுட்டு ஆ-யுன் வந்து ரெண்டு கிண்ணம் சேமியா காலி பண்ணினா. அப்புறம் கடையத் தொறக்கப் போனா.