வரலைன்னா வரலைதான்

அன்புசெல்விக்கு நாற்பத்தாறு வயது. நெருப்பெரிச்சலில் ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தமிழாசிரியை. பத்தொன்பது வருடமாகப் பழம்பாட்டைப் படிப்பார், பொருள் சொல்வார், நோட்ஸ் கொடுப்பார். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். மார்க்கும் வந்துகொண்டிருந்தது.

ஜூலையில் அவர் கணவர் பூபாலன் இறந்துபோனார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்; வேலையில் நின்றபடியே சரிந்துவிட்டார். பதினேழாம் நாள் அன்புசெல்வி பள்ளிக்கு வந்துவிட்டார். அதுவரை அழவில்லை. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

அன்றைய பாடம் ஒரு பிரிவுப் பாட்டு. கணவன் போய்விட்டான், எனக்குக் கண்ணீர் வரவில்லை என்று தோழியிடம் சொல்கிறாள் ஒருத்தி. விளக்கம் சொல்ல அன்புசெல்விக்குத் தெம்பில்லை. பாட்டைப் போர்டில் எழுதிவிட்டு உட்கார்ந்தார். என்ன சொல்கிறாள் என்று நீங்களே பாருங்கள் என்றார்.

பிள்ளைகள் பாட்டை மறுபடி மறுபடி படித்தார்கள். பிறகு நித்தீஷ், அவள் துக்கத்தை அடக்கிக்கொள்கிறாள் என்றான். நோட்ஸிலும் அதுதான் இருந்தது.

"எந்தச் சொல்லுல இருக்குது கண்ணு?"

அவன் தேடிக்கொண்டிருக்கும்போதே ஆஷா எழுந்தாள். அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து தையல் வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண்.

"அடக்குதான்னு எங்கயும் இல்ல மிஸ். வரலைன்னுதான் சொல்லுதா. வரலைன்னா வரலைதான்."

அன்புசெல்வி போர்டைத் திரும்பிப் பார்த்தார். இல்லைதான். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. மிஸ்ஸுக்கு என்ன தோன்றுகிறது என்று நித்தீஷ் கேட்டான்.

"எனக்கு ஒண்ணுமே தோணலை கண்ணு."

அவர் உண்மையைத்தான் சொன்னார்.

அதன்பின் எல்லாப் பாட்டையும் அப்படியே நடத்தினார். நோட்ஸ் இல்லையென்று பெற்றோர்கள் புகார் சொல்ல, தாளாளர் ஈஸ்வரமூர்த்தி கூப்பிட்டு விசாரித்தார்.

"நானே பொருள் சொல்லிட்டா அவங்க பாட்டையே பாக்கறதில்லீங்க. இந்த வயசுக்கு அவங்களே பாக்கோணுமுங்க" என்றார் அன்புசெல்வி.

அரையாண்டில் மனப்பாடக் கேள்விகளில் மார்க் குறைந்தது. முன்பின் பார்க்காத பாட்டுக்குப் பொருள் எழுதும் கேள்வியை மட்டும் ஒருவரும் விடவில்லை. தாளாளர் மொத்த மார்க்கைப் பார்த்தார். பன்னிரண்டாம் வகுப்பை வேறொருவருக்கு மாற்றினார். சரிங்க என்று அன்புசெல்வி வெளியே வந்தார். கோபம் வரும் என்று நினைத்தார், அதுவும் வரவில்லை.

சனிக்கிழமை மதியம் வந்தால் பாட்டுப் பார்க்கலாமா என்று ஆஷா வந்து கேட்டாள். வரச் சொன்னார். ஆறு பேர் வந்தார்கள். வாட்ச்மேனிடம் சாவி வாங்கி, வகுப்பறையைத் திறந்துவிட்டார்.