மூன்று பூவும் மூன்று பேரும்

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கி, முதல் பக்கத்தைப் பார்த்ததும் சட்டென்று மூடியவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. அச்சுக்கூடத்தில் தவறு எதுவும் நடக்கவில்லை. அந்தப் படத்தை நான் தெரிந்துதான் போட்டிருக்கிறேன். ஏரிக்கரையில் இடது ஓரமாக நிற்கும் மூன்று பேரில் நடுவில் இருப்பவர் எங்கள் அம்மா. அவர் தோளில் கை போட்டிருப்பவர் என் அக்கா. தாவணி காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டு இளித்துக்கொண்டிருப்பவள் நான். மீதியெல்லாம் தண்ணீரும் வானமும். மூன்று பேராக நின்று படம் எடுத்தால் அதில் ஒருவர் போய்விடுவார் என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் படத்தால்தான் அம்மா போனார், அதே படத்தால்தான் அக்காவும் போனார் என்று நம் சொந்தத்திலேயே சிலர் பேசுகிறீர்கள். என் காதுக்கும் வந்தது. அந்தப் பழியோடு என் அக்காவை அனுப்ப எனக்கு மனமில்லை. அதனால் வேறு யாரையும் கேட்காமல் இதை நானே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது அம்மாவின் ஊரான மாகறலில். வளர்ந்தது உத்திரமேரூர் பக்கம், ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் காலனியில். எங்களுக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. நைனா ஏர் ஓட்டப் போவார், அம்மா நடவுக்கும் களைக்கும் போவார். நான் ஆறாவது படிக்கும்போது நைனா காமாலையில் போய்விட்டார். அக்கா அப்போது பத்தாவது. பரீட்சை எழுதிய கையோடு கடைத்தெருவில் இருந்த போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். நடவுக்குப் போகாமல் போட்டோ கடைக்குப் போகிறாளாம் என்று அதற்கே நாலு பேர் வாய் வலிக்கப் பேசினார்கள். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்டுடியோவில் அவருக்கு முதல் வேலை பாஸ்போர்ட் படங்களை வெட்டுவது. காலையிலிருந்து சாயங்காலம் வரை தலை, தலை, தலை. முதலாளி நல்ல மனுஷன்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி. மூன்று பேர் சேர்ந்து படம் எடுக்க வந்தால் ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் கொண்டுவந்து ஸ்டூல் மேல் உட்கார வைத்து நாலாக்கிவிடுவார். உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு கண் மூடிய பொம்மை எங்காவது உட்கார்ந்திருந்தால், அது எங்கள் ஸ்டுடியோ பொம்மை.

மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு வீடுகளில் பெண் வந்து படம் எடுத்தால் தேவலை என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்படித்தான் அக்கா கைக்கு கேமரா வந்தது. ஒரு ரோலில் முப்பத்தாறு படம். விசேஷம் முடிந்ததும் கடைசியில் மூன்றோ நாலோ மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை நீயே எடுத்துக்கொள் என்று முதலாளி விட்டுவிட்டார். திரும்பி வரும் வழியில் வரப்பு இருக்கிறது, ஏரி இருக்கிறது, ஆவாரம்பூ இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

வெறும் நாலு படம்தான் என்பதால் ஒவ்வொன்றுக்கும் அக்கா படாத பாடு படுவார். ஒருநாள் தும்பைப் பூவை எடுக்க வரப்பில் குப்புறப் படுத்திருந்தார். நின்று எடுத்தால் பூவுக்குப் பின்னால் மண்தான் தெரியும், படுத்து எடுத்தால் வானம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. புல்லறுக்க வந்த அத்தை ஒருவர் பார்த்துவிட்டு, "ஐயையோ, பொண்ணு வுழுந்து கெடக்குதே!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

அக்கா தலையைத் தூக்கவே இல்லை. "வுழவெல்லாம் இல்ல அத்த, பூ எடுத்துக்கினு கீறேன். அங்கியே நில்லு, கிட்ட வந்தா நெயலு வுழும்."

பாவம், அந்த அத்தை தலையில் புல்லுக்கட்டோடு காற்று அடங்கும்வரை அசையாமல் நின்றார்.

கேமராவோடு வந்த புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்து புரியாமல், அதில் இருந்த படங்களைப் பார்த்தே அக்கா கற்றுக்கொண்டார். கேமராவுக்குள் தெரிகிற கட்டத்தை மனசுக்குள் குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு கோடு போட்டுப் பிரிப்பார். கோடும் கோடும் வெட்டுகிற இடத்தில்தான் பூ. "நடுவுல வெச்சா அது பாஸ்போர்ட் போட்டோடி" என்பார். பூ எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் இடம் விடுவார். எருக்கம்பூவுக்குப் பின்னால் வைக்கோல் போர் வந்துவிட்டால் பூ தொலைந்துவிடும் என்று சுற்றிச் சுற்றி வந்து, பனைமர நிழல் பின்னால் வரும்படி உட்காருவார். நான் ஒருமுறை உதவி செய்வதாக நினைத்து ஒரு கிளையை வளைத்துப் பிடித்தேன். கையிலேயே ஒன்று போட்டார். "அது நிக்கிற எடத்துல நிக்கட்டும். நமக்கு காலு கீது, நாம போவலாம்."

ஏரியில் எடுத்த அல்லிப் படங்கள் கழுவி வந்த அன்று மாலை, மூன்றையும் தரையில் பரப்பிக் காட்டினார். இரண்டு பூ இருந்த படத்தில் கண் இங்கேயும் அங்கேயும் அலைந்தது. நாலு பூ இருந்தது இரண்டு ஜோடியாகப் பிரிந்து கிடந்தது. மூன்று பூ இருந்த படத்தில் மட்டும் கண் சுற்றி வந்து நின்றது. ஒன்று பெரிசு, ஒன்று கொஞ்சம் தள்ளி, ஒன்று இன்னும் மொட்டு.

"மொதலாளி பாத்தா பொம்மைய தண்ணில எறக்கி வுட்ருவாரு" என்றேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

அம்மாவுக்கு அப்போது இருந்த ஒரே படம் வாக்காளர் அட்டைப் படம். அதைப் பார்த்தால் அம்மாவுக்கே பயம். தை மாதம் ஏரி நிறைந்திருந்த ஒரு நாள், விசேஷ வீட்டிலிருந்து மூன்றுகால் ஸ்டாண்டோடு அக்கா நேரே வந்தார். எங்கள் இருவரையும் கரைக்கு இழுத்துக்கொண்டு போனார். ஒரு பட்டனைத் தட்டிவிட்டு ஓடி வந்து நின்றால் கேமரா தானே எடுத்துக்கொள்ளும் என்றார்.

அம்மா தயங்கினார். "மூணு பேரு வோணாம்டி. பக்கத்து வூட்டு பொண்ண கூப்புடு."

"பூ மூணு நின்னா அயகா கீது, நாம நின்னா மட்டும் ஆவாதா? சும்மா நில்லும்மா."

அம்மா என் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கிக்கொண்டார். அக்கா ஓடி வந்து நின்றார். படம் விழுந்தது.

ஒன்பது மாதம் கழித்து, ஐப்பசி மழையில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் போய்விட்டார். பதினாறாம் நாள், எல்லோரும் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது பெரியப்பா அந்தப் பேச்சை எடுத்தார். "அந்தப் படத்த எடுத்து அடுப்புல போடு. அதான் உங்கம்மாவ கொண்டுகினு போச்சு."

அக்காவின் கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் அசையவில்லை. "டாக்டரு ஜொரம்னுதான் சொன்னாரு பெரிப்பா. கேமரான்னு சொல்லல."

அடுத்து எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நானும் நம்பினேன். அம்மா போயாச்சு, அடுத்தது நானோ என்று நடுங்கிப் போனேன். மறுநாள் அக்கா வேலைக்குப் போனதும் கத்தரிக்கோலை எடுத்து, அந்தப் படத்திலிருந்து என்னை மட்டும் வெட்டி எடுத்துவிட்டேன். இரண்டு பேர் இருக்கும் படத்தால் யாருக்கும் எதுவும் ஆகாது அல்லவா!

அக்கா வந்து பார்த்தார். திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். வெட்டிய இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா கைய வெட்டிட்டியேடி" என்றார். என் இடுப்பில் இருந்த அம்மாவின் கை முழங்கையோடு அறுந்து என் துண்டில் கிடந்தது. பிறகு துண்டுகளை எடுத்து வைத்தபடி, "போவட்டும். பிரிண்ட்டதான வெட்டுன. நெகட்டிவ் எங்கிட்ட கீது" என்றார். அன்று அழுத அழுகையை நான் அம்மாவுக்குக்கூட அழுததில்லை. இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு விசேஷ வீடுகளில் அக்காவைக் கூப்பிடவில்லை. அம்மாவையே முழுங்கினவள் என்று பேர். ஸ்டுடியோ முதலாளி வேலையை விட்டு நிறுத்தவில்லை, ஆனால் கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு, படம் கழுவும் அறைக்குள் அனுப்பிவிட்டார். இரண்டு வருஷம் அந்த இருட்டறையில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். பிறகு பழைய கேமரா ஒன்றைப் பிடித்து, பஸ் ஸ்டாண்ட் பக்கம் கையகலக் கடை ஒன்றைத் திறந்தார். கண்ணாடிக்குப் பின்னால் அந்த மூன்று அல்லியைப் பெரிதாகப் போட்டு மாட்டினார். அதற்குக் கீழே ஒரு பலகை: இங்கு மூன்று பேராகவும் படம் எடுக்கப்படும்.

பலகையைப் படிக்க நிறையப் பேர் நின்றார்கள். உள்ளே வரத்தான் ஆளில்லை. "பேஜாரா கீதுக்கா, அத கயட்டிடு" என்று நானே கெஞ்சினேன். "அத கயட்னா அம்மாவ நான்தான் கொன்னேன்னு ஆவும்" என்றார்.

கடைசியில் ராஜகுளம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் மூன்று பெண்கள் வந்தார்கள். "நாங்க மூணு பேருதான்கா ஒண்ணா போறோம், ஒண்ணா வரோம். நாலாவது ஆளுக்கு எங்க போறது?" என்றார்கள். அக்கா அவர்களைப் பூவை எடுத்த மாதிரியே எடுத்தார். ஒருத்தியை உட்கார வைத்து, ஒருத்தியைக் கொஞ்சம் தள்ளி நிற்க வைத்து, ஒருத்தியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி விட்டார். அந்தப் படமும் கண்ணாடிக்குப் பின்னால் ஏறியது. அதற்குப் பிறகு அவர்களைப் பஸ்ஸில் எங்கே பார்த்தாலும், "இன்னா, மூணு பேரும் உசுரோட கீறீங்களா?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி விசாரிப்பார். அந்தப் பெண்களும் சளைக்காமல், "கீறோம்கா, நல்லா துன்னுட்டு கீறோம்!" என்பார்கள். ஒரு வருஷத்துக்குள் அக்கா தங்கைகள், பிள்ளையோடு வந்த புருஷன் பெண்டாட்டி என்று மூன்று மூன்றாக வர ஆரம்பித்தார்கள். என் கல்யாணத்தை அந்தக் கடையில் உழைத்துத்தான் அக்கா நடத்தினார். தனக்கென்று கல்யாணம் வேண்டாம் என்றது அவர் முடிவு. அதற்கும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னீர்கள், அவரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அக்காவைக் கொண்டுபோனது கர்ப்பப்பைப் புற்றுநோய். வலியை இரண்டு வருஷம் வாய் திறக்காமல் வைத்திருந்தார். ஊர் பேச்சுக்கெல்லாம் பதில் சொன்ன அக்காவுக்கே இதைச் சொல்ல வாய் வரவில்லை. பெண்கள் வியாதியை வெளியே சொல்லக் கூடாது என்று நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறதே, அடுப்பில் போட வேண்டியது அதைத்தான். கடைசி நாட்களில் கட்டிலை ஒரு சாண் தள்ளிப் போடச் சொன்னார். ஜன்னல் கம்பி வெளியே இருந்த பூவரசம் பூவைச் சரியாக நடுவில் வெட்டுகிறதாம். தள்ளிப் போட்டேன். "இப்ப செரியா கீது" என்றார்.

சாவு வீட்டில் பெரியப்பா என் காதருகில் வந்து, "மூணுல ரெண்டு போச்சு. மிச்சம் நீதான்மா. இன்னமும் அந்தப் படத்த வெச்சிக்கினு கீறியா?" என்றார். அன்று எனக்கு வாய் வரவில்லை. இன்று சொல்கிறேன். வைத்திருக்கிறேன் பெரியப்பா. ஆயிரம் பிரதி அச்சடித்து வீடு வீடாகவும் கொடுத்துவிட்டேன்.

அக்காவின் நோவில் துணை நின்றவர்களுக்கு எங்கள் வீடு கடன்பட்டிருக்கிறது. இரவல் கேட்காமலே கட்டில் கொண்டுவந்து போட்ட பக்கத்து வீட்டு அத்தைக்கும், முகம் கோணாமல் துணி மாற்றிய நர்ஸம்மாவுக்கும் நன்றி. முதல் பக்கப் படத்தை அந்த நெகட்டிவிலிருந்து தன் கையாலேயே பிரிண்ட் போட்டுத் தந்தவர் அக்காவின் பழைய முதலாளி. தரும்போது, "நான் அன்னிக்கு கேமராவ வாங்கியிருக்கக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டு அழுதார். அவருக்கும் நன்றி. பெண்கள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று தடுத்தும் கேளாமல் கடைசிவரை கூட நடந்த கம்பெனிப் பெண்கள் மூவரையும் என் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

பெரியப்பா, உங்களுக்கும்தான். அம்மாவுக்கும் அக்காவுக்கும் எல்லாக் காரியத்தையும் முன்னால் நின்று செய்தவர் நீங்கள். என் மேல் இருக்கும் பாசத்தில்தான் பயப்படுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் உங்களிடமே ஒன்று கேட்கிறேன். இன்று அக்காவுக்குப் படையல் முடிந்ததும் பந்தியில் உட்காரும் முன் ஏரிக்கரைக்கு வாருங்கள். நானும் என் இரண்டு மகள்களும் மூன்று பேராக நிற்கப்போகிறோம். அக்காவின் கேமராவில் ரோல் போட்டு வைத்திருக்கிறேன். பட்டனை நீங்கள்தான் அழுத்த வேண்டும்.