பாலத்துக்குள் பரப்பிய பனி

அமெரிக்காவின் வெர்மான்ட்டில் கூரை போட்ட மரப்பாலத்துக்குள் பனி விழாது. குளிர்காலத்தில் குதிரைகள் இழுக்கும் சக்கரமில்லாத சறுக்குவண்டிகள் வெறும் பலகையில் ஓடாது என்பதால், வெளியிலிருந்து பனியை அள்ளிவந்து உள்ளே பரப்புவதற்கு ஊரார் அல்பியஸை வைத்திருந்தார்கள்.

கார்கள் புதிதாக வரத் தொடங்கிய ஓர் இலையுதிர்காலத்தில் ஆலை முதலாளி வின்ட்ரப், பாலத்துக்குள் தன் புது மோட்டார் காரின் ஊதுகுழலை அலறவிட்டார். அல்பியஸின் பெண்குதிரை மிரண்டு விழுந்து கால் ஒடிந்தது. கால் ஒடிந்த குதிரை தேறாது என்பதால், அவனே அதைச் சுட்டுக் கொல்ல வேண்டியிருந்தது.

"குதிரைக்கு மொதல்ல மரியாதை கத்துக்குடுய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார் வின்ட்ரப்.

குளிர்காலத்திலும் தன் கார் ஓடும் என்று அவர் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது அல்பியஸின் காதுக்கு வந்தது. முதல் பனி லேசாக விழுந்ததும் அவன் பாலத்துக்குள் முழங்கால் உயரம் பரப்பிவைத்தான். பித்தளை விளக்குகள் மின்ன வந்த கார் நடுப்பாலத்தில் புதைந்து நின்றது.

"யோவ், உன் இன்னொரு குதிரையப் பூட்டி இழுய்யா!"

"அது வராதுங்க. அதுக்கு இன்னும் மரியாதை கத்துக்குடுக்கல."

"அப்ப இந்தப் பனியையாவது வாரி எடு!"

"போடறதுக்குத்தாங்க என்னை வச்சிருக்காங்க. எடுக்கறதுக்கு இல்ல."

அல்பியஸ் வெளியே போய் இன்னொரு கூடை பனி அள்ளிவந்தான். அதைக் காரின் சக்கரங்களைச் சுற்றிக் கொட்டி, அவசரப்படாமல் தட்டிக் கெட்டிப்படுத்தினான்.