பதினாறாவது குழாய்

நம்பாதவர்கள் பீளமேட்டுக்குப் போய் அந்த நோட்டைப் பார்க்கலாம். தனியார் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம், இரண்டாம் மாடி. வர்ஷினியின் கையெழுத்தில் பதினாறு வரிகள். நடந்தது அமாவாசை ராத்திரியில் அல்ல, பட்டப்பகலில், மத்தியானம் 2.20க்கு.

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து அங்கப்பன் என்ற விவசாயி, தன் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரையும் சேற்றையும் கேனில் கொண்டுவந்து கொடுத்திருந்தார். முப்பது வருடமாக மூடிக்கிடந்த கிணறு. போர்வெல் வற்றிவிட்டதால் திறந்தார்கள். அவர் மகள் ரித்திகா பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். குழந்தை பிறந்து அப்போது ஐந்து நாள். தாய்ப்பால் போதவில்லை, பால்பவுடர் கலக்கத் தண்ணீர் வேண்டும்.

கிணற்றை ஒட்டி மாட்டுக்கொட்டகை. சாணமும் கோமியமும் மண்ணில் இறங்கும். அதிலுள்ள அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற கிருமிகள் சேற்றில் உண்டு. பெரியவர்களை நைட்ரேட் ஒன்றும் செய்யாது. கைக்குழந்தைக்கு விஷம். மழைத் தண்ணீர் கலந்திருந்ததால் அன்றைக்கு அளவு சரியாகத்தான் இருந்தது. இனிமேல் ஏறுமா என்று தெரிய, கிருமிகளை எண்ணியாக வேண்டும். அதுவரை குழந்தைக்குக் கடையில் வாங்கும் தண்ணீர்தான்.

எண்ணுவதென்றால் ஒன்று இரண்டு என்று அல்ல. சேற்றைக் கரைத்து, நீர்க்க நீர்க்கப் பதினைந்து குழாய்களில் விட்டு, இருபத்தெட்டு நாள் இருட்டில் வைக்க வேண்டும். அந்தக் கிருமிகளுக்கு வெளிச்சம் ஆகாது. பிறகு, நைட்ரைட் இருந்தால் சிவக்கிற மருந்து ஒரு சொட்டு. எத்தனை குழாய் சிவக்கிறதோ அதை வைத்துக் கணக்கு. வர்ஷினி குழாய்களை இருட்டறையில் வைத்துப் பூட்டியது அக்டோபர் 24, பிற்பகல் 2.20. சீட்டில் அவளே எழுதி ஒட்டியிருந்தாள்.

நவம்பர் 21. உடன் வேலை பார்க்கும் உம்மல் குல்சும் 2.10க்கு மருந்தை விட்டாள். பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இருட்டறைக்குள் நிறத்தைச் சொல்வார், ஒருவர் வாசல் திரைக்கு வெளியே எழுதுவார். எந்தக் குழாய் எது என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. பொய் நுழையாமலிருக்க அந்த ஏற்பாடு.

வர்ஷினி கைகழுவிவிட்டு வந்து நோட்டுடன் உட்கார்ந்தாள். மணி 2.20.

"ஒண்ணு... செவப்புங்க."

குல்சுமுக்கு ஏது இந்த 'ங்க'? கிண்டல் செய்கிறாள் என்று வர்ஷினி சிரித்துக்கொண்டே எழுதினாள்.

"ரெண்டு... செவப்புங்க."

தொண்டை கட்டியிருந்தது. வெகுநாள் மூடிக்கிடந்த கதவைத் திறப்பது போன்ற குரல்.

ஆறாவது, "இல்லீங்க." பதினொன்றாவது, "இல்லீங்க." மற்றதெல்லாம் சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. சேற்று வாடை அடித்தது.

பதிமூன்றை எழுதும்போதுதான் கவனித்தாள். திரைக்கு அடியில் வெளிச்சம் இல்லை.

விளக்குப் போடாமல் எப்படி நிறம் பார்க்கிறாள்?

"பதினஞ்சு... செவப்புங்க."

முடிந்தது. பதினைந்துதான் குழாய்.

"பதினாறு..."

வர்ஷினியின் கை தானாக எழுதியது.

"நீலமுங்க."

இந்தச் சோதனையில் நீலமே கிடையாது.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். டப்... டப்... டப்...

மணி 2.31. இரண்டு டீயுடன் குல்சும் ஏறி வந்தாள்.

"ஆரம்பிக்கலாமாக்கா?"

குல்சும் திரையை விலக்கி விளக்கைப் போட்டாள். உள்ளே யாரும் இல்லை. பதினைந்து குழாயும் வெறும் தண்ணீர் போல நிறமற்று நின்றன.

"ஒண்ணுமே செவக்கலக்கா. கெணறு சுத்தம். அந்த அய்யன் காலைல இருந்து மூணு போன். குடுக்கலாம்னு சொல்லிரட்டுமா?"

வர்ஷினி நோட்டைப் பார்த்தாள். பதிமூன்று சிவப்பு.

"சிங்க் போட்டயா?"

குல்சும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். குழாய் சிவக்காததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். கிருமியே இல்லை, அல்லது கிருமிகள் நைட்ரைட் முழுவதையும் நைட்ரேட்டாக மாற்றிவிட்டன. இரண்டாவதைப் பிடிக்க, நைட்ரேட்டைத் திரும்ப நைட்ரைட்டாக்கும் சிங்க், அதாவது துத்தநாகப் பொடி, ஒரு சிட்டிகை போட வேண்டும். படித்தவர்களுக்கெல்லாம் தெரியும், அவசரத்தில் எல்லோரும் மறப்பார்கள்.

போட்டாள்.

ஒன்று சிவந்தது. இரண்டு சிவந்தது.

ஆறு... இல்லை.

பதினொன்று... இல்லை.

மற்ற பதிமூன்றும் ரத்தமாகச் சிவந்து நின்றன.

குழாய்களைச் செருகும் தாங்கியில் பதினாறாம் ஓட்டை காலி. அதற்கு நேர் கீழே, ஒரு சொட்டு ஈரம்.

3.05க்கு வர்ஷினியே அங்கப்பனை அழைத்தாள். "கொழந்தைக்கு அந்தத் தண்ணி வேண்டாமுங்க."

"காய்ச்சித்தானுங்க அம்மணி குடுப்போம்?"

"காய்ச்சுனாலும் போகாதுங்க. கொழந்த ஒடம்பு நீலமாயிரும்."

மறுமுனையில் அவர் அழுதார்.

"எங்கக்கா ராசாத்தாளோட கொழந்தை அப்படித்தானுங்க போச்சு. முப்பத்தொரு வருசம் ஆச்சு. அதுக்கும் பவுடர் பாலுதான். பதினாறாம் நாளு நீலம் பூத்துருச்சு. காத்துக் கருப்புன்னாங்க. அக்கா கெணத்தையே கைகாட்டிட்டு நின்னுச்சு. ராசியில்லாத கெணறுன்னு மூடிப்போட்டோம்."

"உங்கக்கா இப்ப..."

"அன்னைக்கோட பேச்சு நின்னுபோச்சுங்க. ஒரு வார்த்தை பேசினதில்ல. உங்ககிட்ட கேன் கொண்டாந்தனே, அன்னைக்குக் காலைல என் கையப் புடிச்சு இழுத்துச்சு. வாயத் தொறந்துச்சு, ஒண்ணும் வரலைங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கைய உதறிப்போட்டு வந்துட்டேன். ஊட்டுக்குப் போனா, உசுரு போயிருச்சுங்க. மத்தியானம் ரெண்டேகால், ரெண்டரை இருக்குமுன்னாங்க."

வர்ஷினி சீட்டைப் பார்த்தாள். அக்டோபர் 24, பிற்பகல் 2.20.

ரித்திகாவின் குழந்தை நன்றாக இருக்கிறது. தண்ணீர் லாரியில் வருகிறது.

அறிக்கையில் 'எழுதியவர்' என்ற இடத்தில் வர்ஷினி கையெழுத்துப் போட்டாள். 'சொன்னவர்' என்ற இடத்தில் போடமாட்டேன் என்று குல்சும் சொல்லிவிட்டாள். அந்தக் கட்டம் இன்றுவரை காலியாகத்தான் இருக்கிறது.