நாக்கு வேண்டாத பாஷை

தமிழில் நாக்கு படாமல் சொல்லக்கூடிய எழுத்து எது எதுவென்று வேலை மெனக்கெட்டு உட்கார்ந்து தேடியவள் இந்தக் கள்ளக்குறிச்சியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ப, ம, வ. அவ்வளவுதான். மெய்யெழுத்தில் வேறொன்றும் தேறவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் நாக்கு எங்கேயாவது போய் முட்டியாக வேண்டும்.

என் நாக்கில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். முதலில் வெறும் வாய்ப்புண் என்று நினைத்து மணத்தக்காளிக் கீரையாகத் தின்றுகொண்டிருந்தேன். ஆறவில்லை. கடைசியில் ஆபரேஷன். அல்ஹம்துலில்லாஹ், உயிர் மிச்சம். ஆனால் வாய் போனால் எனக்கு வேறு என்ன மிச்சம் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் உள்ளுக்குள் நினைத்திருப்பார்கள். அப்படிப் பேசுகிறவள் நான்.

எங்களுக்குத் தானியக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு திரை. வெள்ளிமலையிலிருந்து சாமையும் தினையும் ஜீப்பில் வந்து இறங்கும். மூட்டையைப் பிரித்து, ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து ஊதிப் பார்ப்பதும், அதன் பிறகு விலைக்கு மல்லுக்கட்டுவதும் என் வேலை. என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். பேரம் மட்டும் அவருக்கு வராது. யாராவது முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொண்டால் போதும், கேட்ட விலையைக் கொடுத்துவிடுவார்.

ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குப் போனில் டைப் அடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் அடித்தேன். ஆனால் போனை வைத்துக்கொண்டு சண்டை போட முடியுமா? நான் கோபமாக நாலு வரி அடித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டுவேன். அவர் "இரும்மா, கண்ணாடி எங்க வெச்சேன்" என்று தேடப் போய்விடுவார். தேடிக்கொண்டு வருவதற்குள் என் கோபம் ஆறிய டீயாகிவிடும்.

வாயால் தமிழ் பேசிப் பார்த்தேன். தண்ணி, பன்னி, கண்ணாடி எல்லாம் ஒரே மாதிரிதான் வந்தது. அவரோ ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டி இதுவா, அதுவா என்று கேட்பார். அழுகையாக வந்தது. ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன். இல்லாத எழுத்தைத் துரத்துவதை விட்டுவிட்டு, இருக்கிற எழுத்தில் புதுசாக ஒரு பாஷையைப் போட்டால் என்ன?

உதட்டில் மூன்று எழுத்து. மூச்சில் ஒரு ஹ. உயிரில் அ, ஆ, உ, ஊ, ஓ. அப்புறம் வாயை மூடிக்கொண்டு ஒரு ம். இதுதான் சரக்கு. தண்ணீர், மூமு. சோறு, பபா. வா என்பதற்கு ஓவா. காய்ந்தது என்பதற்கு வமா. தானியக் கடைக்காரி போட்ட பாஷை அல்லவா, ஈரமும் காய்ச்சலும் முதல் நாளே அதில் வந்துவிட்டது. வேண்டாம், இல்லை, முடியாது எல்லாவற்றுக்கும் சேர்த்து உதட்டை மூடி வெடுக்கென்று திறந்து ஒரு ‘ப்’. அதைச் சொல்லும்போது வருகிற திருப்தியே தனி.

வினைச்சொல்லை முன்னால் வைத்தேன். தமிழில் அது கடைசியில் வரும். அதுவரை காது கொடுக்கிற பொறுமை எங்கள் வீட்டில் யாருக்கு இருக்கிறது? முடிந்துபோனதற்குச் சொல்லுக்குப் பின்னால் ஒரு ம். இனி வரப்போவதற்கு முன்னால் ஒரு ம். கேள்வி என்றால் தொடக்கத்திலேயே ‘ஹா’. மரியாதைக்கு ஒன்றும் வைக்கவில்லை. அவர் பாடம் படித்துக்கொண்டே வந்து, "இதுல ‘ங்க’ கிடையாதா?" என்று கேட்டார். ப் என்றேன்.

ஒன்றில் மட்டும் கறாராக இருந்தேன். நான் அந்தப் பாஷையில் பேச, அவர் தமிழில் பதில் சொன்னால் நோயாளியை விசாரிக்கிற மாதிரி இருந்தது. நீங்களும் நாக்கை அசைக்காமல்தான் பேச வேண்டும் என்று எழுதிக் காட்டிவிட்டேன். பாவம், நாக்கைக் கீழே அழுத்திக்கொண்டு முகமெல்லாம் சிவக்கச் சிவக்கப் பேசினார். போகப் போக வாயில் தானாக வந்தது. காலையில் டீ குடித்துக்கொண்டே சின்னசேலத்துச் சம்பந்தி வீட்டு விஷயம்வரை பேசினோம். ஜாடை பேசினோம். சண்டையும் போட்டோம்.

அதன் பிறகுதான் கேட்டேன். ம் ஓவா என்று திரைப்பக்கம் கையைக் காட்டினேன். இனி நான் கடைக்கு வருவேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அன்றைக்கு மட்டும் தமிழில் சொன்னார். "வூட்டுக்குள்ள எவ்ளோ வேணா பேசும்மா. கடையில வேணாம். நாலு பேரு சிரிப்பாங்க. என்னால தாங்க முடியாது."

அவரால் தாங்க முடியாதாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. திரைக்குப் பின்னாலேயே கிடந்து சாவதற்கா இந்தப் பாஷை? கேட்டேன். அவர் எழுந்து கடைக்குப் போய்விட்டார். அதிலிருந்து கடையில் யாராவது என்னைக் கேட்டால், "அவளுக்கு ஒடம்பு செரியில்ல" என்று அவர் சொல்வது திரை வழியாகக் கேட்கும்.

ஒரு மத்தியானம் மலையிலிருந்து எப்போதும் வருகிற அம்மா சாமை மூட்டையோடு வந்திருந்தார். வருஷக்கணக்காக என்னிடம் பேரம் பேசித் தொண்டை வறண்டவர். கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். மூட்டை பிரிகிற சத்தம் கேட்டது. அப்புறம் என் வீட்டுக்காரர் குரல் கேட்டது.

"ஹா வமா?"

காய்ந்ததா என்று கேட்கிறார், நினைவே இல்லாமல், எங்கள் பாஷையில். யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

"இன்னா பாய், வாய்க்குள்ள இன்னாத்த வெச்சிக்கினு பேசறீங்க?" என்றார் மலையம்மா.

நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொண்டை கட்டிவிட்டது என்பார், சமாளிப்பார். அப்படிச் சொல்லிவிட்டால் இந்தத் திரை இனி எனக்கு விலகாது என்று தோன்றியது.

கையிலிருந்த சாமையை மூட்டையில் உதறுகிற சத்தம் கேட்டது. பிறகு என் வீட்டுக்காரர் சொன்னார். "அது எங்க வூட்டு பாஷை. அவ போட்டது. காஞ்சிதான்னு கேட்டேன்."

"பாயம்மாவா? எங்க அவங்க? ரெண்டு மூணு தபா வந்துட்டேன், கண்ணுலயே காணோம்."

அவர் திரைப்பக்கம் திரும்பி, கடையில் இருந்த எல்லார் காதிலும் விழும்படி கூப்பிட்டார். "ஓவா."

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போனேன். சிரித்தவனைப் பார்க்கவில்லை. மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினேன், தேய்த்தேன், ஊதினேன். உமி கையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

"வமா, ப்" என்றேன்.

அவர் தமிழில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மலையம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை நேருக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். "அதெல்லாம் வமாதான் பாயம்மா. பாறையில போட்டு நல்லா வெயில்ல காயவெச்சி கொண்டாந்திருக்கேன். எங்க ஈரம், காட்டுங்க."

அந்தப் பாஷையில் பேசிய மூன்றாவது ஆள் அவர். அவருக்கு அது தெரியாது. விலையைக் குறைத்துவிடுவேனோ என்கிற கவலைதான் அவருக்கு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முக்காட்டு ஓரத்தால் துடைத்துக்கொண்டு, இன்னொரு பிடி அள்ளி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"ப்" என்றேன்.