கூடத்தில் நின்ற குட்டி பைக்

பஸ் ஓட்டும் என் அம்மாவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே தான்தான் என்று மாமா வருகிறவர்களிடமெல்லாம் வாய் கூசாமல் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிறுவயதில் இருவரும் ஓட்டிய அந்தப் பழைய குட்டி டர்ட் பைக்கை மெருகேற்றிக் கூடத்தில் நிறுத்தியிருக்கிறார். அம்மாவின் காலில் சைலன்சர் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. மாமா உடம்பில் ஒரு கீறல் கிடையாது. கற்றுக்கொடுத்த லட்சணம்!

நேற்று ஒரு விருந்தாளி, "ஸ்டார்ட் பண்ணுங்களேன், பார்ப்போம்" என்றார். மாமா இருபது முறை உதைத்தார். வண்டி முனகக்கூட இல்லை. அம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தார். மூடிக்கிடந்த பெட்ரோல் டேப்பைத் திறந்து, ஒரே உதை. கூடமெல்லாம் புகை.

"ஏறு தம்பி," என்றார் மாமாவிடம். "அப்ப மாதிரியே பின்னாடி உக்காந்து என்னைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. இந்தத் தடவையாவது அழாம வா."