நான்காம் முறை எரிந்த பவர் சப்ளை

பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள எங்கள் அலுவலகத்தில் அலமாரிக்குள் இருக்கும் நெட்வொர்க் சுவிட்சின் பவர் சப்ளை நான்காம் முறையாக எரிந்துபோனது. ஒவ்வொரு முறையும் கிள்ளானிலிருந்து வருபவர் அதே நரைமீசை டெக்னீஷியன்தான். பெயர் கேட்டதில்லை. கழற்றிய பவர் சப்ளையைப் பாசாரில் மீன் வாங்குபவர்போல் முகர்ந்து பார்ப்பார். புதியதை மாட்டிவிட்டு, ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துக்கு நீட்டுவார்.

அன்று கத்திவிட்டேன். "எத்தனை தடவைண்ணே மாத்துவீங்க? என்னதான் பிரச்சினை?"

அவர் ரிப்போர்ட் புத்தகத்தைப் பின்னுக்குப் புரட்டிக் காட்டினார். பழைய மூன்று நகல்களிலும் ஒரே வரி: 'அலமாரிக்குள் சூடு அதிகம், கதவைத் திறந்து வைக்கவும்.' அடியில் என் கையெழுத்து.

"வாயால சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன் பாஸ். நீங்க போன்ல யாரையோ திட்டிக்கிட்டு இருந்தீங்க லா."

நான்காவது ரிப்போர்ட்டை நீட்டினார். நான் படித்து முடிக்கும்வரை பேனாவைத் தரவில்லை.